ஏழே முக்காலுக்குக் கழற்றிய கண்ணாடி

அத்தை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். உட்கார இடம் கிடைக்காவிட்டால் காலை அகட்டி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பாள். டிரைவர் பிரேக் போட்டால் யார் மேலாவது போய் விழுவாள். விழுந்ததற்கு ஒரு வார்த்தை சமாதானம் சொல்ல மாட்டாள். "கம்பி புடிச்சிப் பழகினா அப்பால காலு எதுக்கு இருக்குது" என்று யார் மேல் விழுந்தாளோ அவர்களிடமே கேட்பாள். கூடப் போகும் எனக்கு மானம் போகும்.

அவள் என் நைனாவின் தங்கை. ஆந்திரப் பக்கம் வடமாலபேட்டையில் எங்களோடு இருந்தாள். புத்தூரில் ஒரு விசைத்தறி ஷெட்டில் வேலை. அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. எதற்காவது பழகிவிடுவோமோ என்கிற பயம். மே மாத வெயிலில் குடை பிடிக்க மாட்டாள். தறிச் சத்தத்துக்கு எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள், இவள் மாட்டாள். தலைவலி என்று படுத்தாலும் மாத்திரை கிடையாது. எனக்கு நைனா வாங்கி வந்த நடைவண்டியை அன்றைக்கே தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். "பழக்காதே. பழக்கினா உடாது." சோறு போடும்போது, தலை வாரும்போது, சும்மா இருக்கும்போதுகூட அவள் வாயிலிருந்து வந்தது அதுதான்.

இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். திட்டுவோம் என்று ஆரம்பித்தால் பாதியில் அழுகை வருகிறது. சரி அழலாம் என்றால் கோபம் வந்து நிற்கிறது. ஒரு பக்கமாக நிற்கிற மனசா இது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது கண் சரியாகத் தெரியாது. வலது கண்ணை மூடிக்கொண்டால் எதிரே நிற்கிறவருக்கு முகம் இருக்காது. அதற்குக் காரணம் அத்தை. என் மேல் அவளைவிட அதிகமாக உயிரை வைத்திருந்தவர்களும் யாரும் இல்லை.

அத்தைக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அந்தக் கதையை அவள் விரல் மடக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"ஆறாங்கிளாஸ்ல ரெண்டு. ஏழுல மூணு. ஒம்போதுல நாலரை. பத்துல ஆறு. வருசா வருசம் கண்ணாடி மாத்தறோம், வருசா வருசம் நம்பரு ஏறிக்கினே போவுது. பதினெட்டு வயசுல ஏழு. அன்னிக்குத் தூக்கிக் கடாசினேன். மூணு வருசம் கழிச்சி கேம்ப்ல பாத்தாங்க. இன்னா சொன்னாங்க தெரியுமா? அதே ஏழு. போட்டப்ப ஏறிச்சி, கழட்டினப்ப நின்னுடுச்சி. இதுக்கு மேல உனுக்கு இன்னா வேணும்?"

 அவள் சொன்ன நம்பர் எதுவும் பொய் இல்லை. வளர்கிற வயசில் கண்ணும் வளர்கிறது, அதனால் நம்பர் ஏறுகிறது, வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும், கண்ணாடி போட்டாலும் அப்படித்தான் போடாவிட்டாலும் அப்படித்தான் என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அத்தை சொன்னதுதான் டாக்டர் சொன்னது.

கண்ணாடி இல்லாமல் அவள் ஊரைச் சமாளித்த விதம் தனி. ஆட்களை நடையிலும் இருமலிலும் கண்டுபிடிப்பாள். பஸ்ஸைக் கண்டக்டர் கத்துவதை வைத்துப் பிடிப்பாள். ஒருமுறை திருப்பதியில் துணி எடுத்துவிட்டு வரும்போது எங்கள் ஊர் பஸ் என்று காளாஸ்திரி பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். கூட்டத்தில் நீந்தி கண்டக்டர் எங்களிடம் வருவதற்குள் ரேணிகுண்டா தாண்டிவிட்டது. ஏர்ப்பேட்டில் இறக்கிவிட்டார்கள். நான் அழுதேன். "இன்னாத்துக்கு அழுவற. ஏர்ப்பேடு பாத்திருக்கியா நீ? பாத்துக்கோ" என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். தப்பு செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. அதற்கும் பழகவில்லை போலிருக்கிறது.

பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டோடு மாப்பிள்ளையைத் தாண்டிப் போய் அவருடைய தாய்மாமன் முன்னால் நின்று வெட்கப்பட்டாள். அவருக்கு அறுபது வயது. அவரும் வெட்கப்பட்டார். அந்தச் சம்பந்தம் போயிற்று. அடுத்து சித்தூரிலிருந்து வந்தவரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். "எனக்கு தூரம் தெரியாது. கண்ணாடியும் போட மாட்டேன். இஷ்டம்னா பாருங்க." அவர் எழுந்து நாலடி முன்னால் வந்து, "இப்ப தெரியுதா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் வாங்க" என்றாள். அவர்தான் என் மாமா. மாங்காய்க் கூழ் ஃபாக்டரியில் வேலை. கடைசி வரைக்கும் அவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

ஆனால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஷெட்டில் இழை அறுந்தால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மூக்குக்கு நேரே இழையைக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டால், துணியில் முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. நாற்பத்தைந்து வயதில், என் அம்மா பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடும்போது, அத்தை வெறும் கண்ணால் ஊசி கோத்துக் காட்டினாள். "பாத்தியா அண்ணி" என்று சிரித்தாள். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றினால் வயசானாலும் கிட்டத்தில் தெரியும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது இன்னொரு சாட்சி.

இனி என் கண்ணாடிக்கு வருகிறேன்.

நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கண் கேம்ப் வந்தது. என் வலது கண்ணை மூடிவிட்டு படம் காட்டினார்கள். எனக்குப் படமே தெரியவில்லை. அது தப்பு என்றுகூட எனக்குத் தெரியாது, எல்லோருக்கும் ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். திருப்பதிக்குக் கூட்டிப்போய் நைனா கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் தடியான வில்லை, ஒரு பக்கம் மெல்லிசு. "தூங்கும்போது தவிர கழட்டவே கூடாதாம். இப்ப போட்டாத்தான் அந்தக் கண்ணு வேலை கத்துக்குமாம். எட்டு வயசு தாண்டிட்டா கஷ்டமாம்" என்று நைனா அத்தையிடம் ஒப்பித்தார். அத்தை என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனாவும் அம்மாவும் மெயின் ரோட்டில் டிபன் வண்டி போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் போய்விடுவார்கள். என்னைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் விடுவது அத்தை. ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து இறங்குவோம். தெரு முனை திரும்பியதும் அத்தை குனிந்து, என் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் சுற்றி, தன் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பாள். சாயங்காலம் அதே முனையில் திரும்ப மாட்டிவிடுவாள். என் கண்ணாடி மூன்று வருஷம் தினமும் புத்தூருக்குத் தறி ஷெட்டுக்குப் போய்வந்தது.

"உனுக்கு இப்ப சின்ன நம்பரு பாப்பா. இதப் போட்டுப் பழகினியோ, வருசா வருசம் ஏறிக்கினே போவும். அத்தைய பாரு, எப்டி இருக்கேன். உன்ன அப்டி உட மாட்டேன்." சொல்லும்போது அவள் கண் கலங்கியிருக்கும். இதுதான் என்னைப் படுத்துகிறது. சோம்பலில் செய்திருந்தால், வன்மத்தில் செய்திருந்தால், நான் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் விடவில்லை. "கள்ளத்தாலு ஏவம்மா?" என்று கண்ணாடி எங்கே, கண்ணாடி எங்கே என்று தினமும் தெலுங்கில் கேட்டுப் பார்த்தவர், ஒருநாள் டிபன் வண்டிக்கே போய் நைனாவிடம் சொல்லிவிட்டார். நைனா வந்து குதித்தார். "வெளையாடும்போது கழட்டி வெச்சிருப்பா, இதுக்குப் போயி" என்று அத்தை சமாளித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் பக்கம் தகராறு முற்றினால் அங்கேதான் போவார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னவனை அந்தச் சாமி விடாது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அத்தை என்னை முழுக வைத்தாள், தானும் முழுகினாள். இரண்டு பேரும் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றோம்.

"நைனா கிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். பிறகு அவள் கைகூப்பி, சத்தமாகவே சொன்னாள். "இந்தப் புள்ளையோட கண்ணு நல்லாவணும்னுதான் செய்யறேன். என்னால இதும் கண்ணு கெட்டா என் ரெண்டு கண்ணையும் எடுத்துக்கோ." பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு ஏழு வயது. நான் அந்தச் சத்தியத்தை மீறவில்லை. நைனாவிடம் இன்று வரைக்கும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அத்தை கல்யாணமாகிச் சித்தூர் போனாள். அதற்குள் அந்த ஃபிரேம் என் மூஞ்சிக்குச் சிறிதாகிவிட்டது. ஒரு கண் நன்றாகத் தெரிந்ததால் எனக்குக் குறையும் தெரியவில்லை, கண்ணாடியை எல்லோரும் மறந்துபோனோம். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுக்கத் திருப்பதி போனேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள். சுவரில் போர்டு இருக்கிறது, எழுத்து இல்லை. டாக்டர் இரண்டு மூன்று வில்லை மாற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கண்ணில் வேறு கோளாறு இல்லையாம், அந்தக் கண்ணால் பார்க்க மூளை கற்றுக்கொள்ளவே இல்லையாம். "சின்ன வயசுல கண்ணாடி போடலியாமா?" என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

அங்கிருந்து நேராகச் சித்தூர் பஸ் ஏறினேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அத்தை வாசலிலேயே என் நடையைக் கண்டுபிடித்துவிட்டாள். "என் கண்ணு வந்துட்டியா, துன்னியா?" என்று கட்டிக்கொண்டாள். அவள் செய்த சத்தியம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவளிடம் உண்மையைச் சொன்னால் அன்றையிலிருந்து தன் கண் போவதற்காகக் காத்திருப்பாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதில், "கண்ணு ஓரத்துல மின்னல் அடிக்குது" என்றாள். பிறகு கறுப்பாகத் திரை இறங்குகிறது என்றாள். உட்டா தானா சரியாவும் என்று வைத்துக்கொண்டிருந்து, மாமா கையைப் பிடித்து இழுத்துத் திருப்பதிக்குக் கொண்டுவருவதற்குள் வலது கண் போய்விட்டது. அடுத்த வருஷம் இடது. ஆபரேஷன் செய்தும் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. கண்ணாடி போடாததால்தானே இப்படி என்று டாக்டரிடம் கோபமாகக் கேட்டேன். இல்லை என்றார். அந்த அளவு நம்பர் இருந்தால் உள்ளே விழித்திரை மெலிந்து கிழிந்துபோகும், கண்ணாடி அதைத் தடுக்காது. ஆனால் கண்ணாடி மாற்றவாவது வருஷத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் யாராவது உள்ளே பார்த்திருப்பார்கள் என்றார்.

இதற்கு நடுவில் எனக்கும் கல்யாணமாகி, என் மகளுக்கு ஐந்து வயதாகியிருந்தது. அவளுக்கும் என் கண். அதே இடது. நல்லவேளையாக நான் சீக்கிரமே கூட்டிக்கொண்டு ஓடினேன். கண்ணாடி கொடுத்தார்கள், தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணுக்குப் பட்டி ஒட்டி மூடச் சொன்னார்கள். நல்ல கண் சும்மா இருந்தால்தான் சோம்பேறிக் கண் வேலை பழகும் என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தையின் பேச்சு அப்படியே. ஆனால் மூடவேண்டியது நல்ல கண்ணை, கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்க வேண்டும். பட்டி ஒட்டியிருக்கும் நேரமெல்லாம் பாசிமணி கோக்க வையுங்கள் என்றார். ஆறு வயதில் அவள் எப்பேர்ப்பட்ட ஊசியிலும் நூல் நுழைப்பாள்.

அந்தக் கோடை லீவில் அவளையும் கூட்டிக்கொண்டு சித்தூர் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமா ஃபாக்டரியில். மாங்காய் சீசன். நான் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"காணிப்பாக்கத்துல இன்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா?"

"அதெல்லாம் எதுக்கு அத்த இப்ப."

"எனுக்குத் தெரியணும். ரெண்டு வருசமா இதேதான் ஓடிக்கினு இருக்குது உள்ள. உன் எடது கண்ணு நல்லாத்தான கீது?"

"நல்லாருக்குது அத்த."

"உன் வாய நம்ப மாட்டேன்" என்று தலையணைக்கு அடியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். எனக்காகவே எடுத்து வைத்திருந்திருக்கிறாள். தடவி என் முகத்தைக் கண்டுபிடித்து, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். "இப்ப கோத்துக் குடு."

ஊசி இருக்கும் இடம் தெரிகிறது, காது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நூலை எச்சில் பண்ணி ஒருமுறை குத்தினேன், இரண்டுமுறை குத்தினேன். விரலில்தான் குத்தியது. அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அப்போது என் கையிலிருந்து ஊசியையும் நூலையும் யாரோ மெதுவாக எடுத்தார்கள். திரும்ப வைத்தபோது நூல் உள்ளே போயிருப்பது விரலுக்குத் தெரிந்தது. என் மகள் தன் விரலை என் வாயில் வைத்து, நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்று எனக்கே ஜாடை காட்டினாள்.

"இந்தா அத்த."

வாங்கி, ஊசியின் காதை விரலால் தடவினாள். நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். அவள் அழுது நான் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. "அப்போ இது சாமி எடுத்தது இல்ல. வேற ஏதோ. போவட்டும், போவட்டும்." எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு பொய்தானே, என்ன போயிற்று என்று நினைத்தேன்.

"பாப்பா எங்க, இங்க வாடி" என்று என் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் தடவினாள். கை நின்றது.

"இவளுக்கு எதுக்குடி கண்ணாடி?"

"அவளுக்கும் எடது கண்ணு அத்த. கொஞ்ச நாளைக்குத்தான்."

"அறிவு கெட்டவளே. உனுக்கு நான் கழட்டி வெச்சதாலதான உன் கண்ணு பொழச்சிது? இப்பதான கோத்துக் காட்டின?" என்று சொல்லிக்கொண்டே, அன்றைக்குப் போலவே, கழற்றி முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகினாள். "லீவு முழுக்க இங்கயே உட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன். பழக்கக் கூடாது இதெல்லாம்."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவள் இடது கண் உள்பக்கமாகத் திரும்பும். திரும்பியது. எங்கள் தெரு முனை எனக்கு ஞாபகம் வந்தது.

"அத்த, ஊசி கோத்தது நான் இல்ல."

"இன்னா?"

"நான் கோக்கல. அவதான் கோத்தா. கண்ணாடி போட்டுக்கினு."

  அத்தை இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். இரண்டு வில்லையையும் முந்தானையால் துடைத்தாள். என் மகளின் மூக்கைத் தடவிக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு, இரண்டு காதிலும் கொக்கி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வலது கண்ணைத் திரும்பவும் மூடினாள். 

"இப்ப இன்னா தெரியுது?"

"நீ உக்காந்திருக்கறது தெரியுது அத்த. மூஞ்சி தெரியல."

"எனுக்கும் அப்டித்தான்" என்றாள்.

உன் கண் போனது என் கண்ணால் இல்லை, உன் கண்ணுக்குள் இருந்த வியாதியால் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அன்று முழுக்கச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கக் கூடாதா, சொல்லாமல் கண்ணாடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாமா என்று இன்னும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை போன் வந்தது. பட்டன் போனில் ஒரு நம்பரை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி மாமாவிடம் சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள். "மாட்டிட்டியா?" என்றாள். "மாட்டியாச்சு அத்த" என்றேன். வைத்துவிட்டாள். மணி ஏழே முக்கால். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஞாயிற்றுக்கிழமைகூட விட மாட்டாள். சில நாள் எரிச்சல் வரும், எடுத்து "மாட்டியாச்சு" என்று கத்திவிட்டு வைப்பேன்.

போன ஆடி மாதம் அத்தை போய்ச் சேர்ந்தாள். போன் வருவது நின்றுவிட்டது. என் மகள் இன்னமும் ஏழே முக்காலுக்குச் செருப்பு மாட்டும்போது கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "மாட்டிக்கினேன் சித்தூர் ஆயா" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறாள்.